வேலை எங்கே காத்துக் கிடக்கிறது?

பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் ஒரே நேரத்தில் வானிலை மாதிரி ஒன்று ஓடும், புரத மூலக்கூறு ஒன்று ஓடும், பழைய நூல்களின் ஓசிஆரும் (படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுப்பது) ஓடும். மூன்றையும் நடத்துகிறவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஏறக்குறைய ஒரே மாதிரி ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். துறை தாண்டிப் பேச உட்கார்ந்தால் முதலில் கேட்டுக்கொள்வது, "நீங்கள் எத்தனை கோர் எடுக்கிறீர்கள்?" கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியே கணக்குப் போடும் ஒரு பகுதி. இந்தக் கேள்விக்கு வரும் பதில் அடுத்த துறைக்காரருக்கு அநேகமாக எதற்கும் உதவாது. "உங்கள் வேலை எங்கே காத்துக் கிடக்கிறது?" என்று கேட்டால்தான் பேச்சு பயனுள்ளதாகும்.

கணக்கு மெதுவாக ஓடினால் ப்ராசஸரைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் ப்ராசஸர் சும்மா நிற்கிறது. நினைவகத்திலிருந்து எண் வரவேண்டும், பக்கத்து நோடிலிருந்து (மீத்திறன் கணினிக்குள் இருக்கும் இன்னொரு தனிக் கணினி) செய்தி வரவேண்டும், அல்லது டிஸ்க்கில் ஒரு கோப்பு திறக்கவேண்டும். நோடுகளை இணைக்கும் நல்ல இன்ஃபினிபேண்ட் இணைப்பில் ஒரு சிறு செய்தி போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடி ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு அது 3,000 துடிப்புகள். ஜப்பானின் கோபே நகரிலுள்ள ஃபுகாகு கணினியின் 2020 நவம்பர் அளவீடுகள் இதை அப்பட்டமாகக் காட்டுகின்றன. லின்பேக் என்ற வேகச் சோதனையில் 442 பெட்டாஃப்ளாப்ஸ் (ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு). எச்பிசிஜி என்ற மற்றொரு சோதனையில் அதே கணினி 16 பெட்டாஃப்ளாப்ஸ், அதாவது நூற்றுக்கு நாலுகூட இல்லை. இரண்டு பட்டியலிலும் அப்போது அதுவே முதலிடம். லின்பேக் அடர்த்தியான அணிகளைத் தீர்ப்பது. நினைவகத்திலிருந்து எடுத்த எண்ணைப் பலமுறை திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். எச்பிசிஜியில் பூச்சியங்கள் நிறைந்த அணி, எடுத்த எண்ணுக்கு ஓரிரு கணக்கோடு வேலை முடிந்துவிடும். நம் ஆராய்ச்சி நிரல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையையே சேர்ந்தவை.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தையும் கையோடு வைத்திருக்க வேண்டும். நிரலில் 95 விழுக்காடு இணையாக ஓடும், 5 விழுக்காடு ஒற்றையாகத்தான் ஓடும் என்று வையுங்கள். 16 கோரில் வேகம் சுமார் 9 மடங்கு, 64 கோரில் சுமார் 15 மடங்கு. எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. 64 கோர் எடுத்தவர் அதில் நான்கில் மூன்று பங்கை வீணடிக்கிறார். ஜான் கஸ்டஃப்சன் 1988இல் இதற்கு மறுபக்கத்தைக் காட்டினார்: கணினி பெரிதாகும்போது கணக்கையும் பெரிதாக்கினால் ஒற்றையாக ஓடும் பங்கு சுருங்கிவிடும். இரண்டும் சரிதான். உங்கள் கணக்கு எந்தப் பக்கம் என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

அளப்பதற்கு அரை நாள் போதும். உண்மையான உள்ளீட்டையே எடுங்கள், பத்து நிமிடத்தில் முடியும்படி, கணக்கு திரும்பத் திரும்ப ஓடும் படிகளின் எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். 1, 2, 4, 8, 16, 32, 64 என்று கோரை இரட்டிப்பாக்கி ஓட்டுங்கள். தொடக்கத்தில் கோப்பு படிக்கும் நேரத்தைக் கழித்துவிட்டு ஒரு படிக்கு எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். கோரை இரட்டிப்பாக்கியும் நேரம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்றால் முந்தைய எண்ணோடு நிறுத்திக்கொள்வதே நியாயம். உள்ளீட்டின் அளவு மாறினால் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். போன திட்டத்தில் 128 கோர் நன்றாக ஓடியது என்பதற்காக இந்தச் சின்னக் கணக்குக்கும் 128 கேட்பது வீண்.

வானிலைக்காரர்களின் தடையைப் புரிந்துகொண்டால் பாதித் துறைகளின் தடை புரிந்துவிடும். டபிள்யூஆர்எஃப் போன்ற வானிலை மாதிரிகள் நிலப்பரப்பைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் ஒரு ப்ராசஸிடம் (நிரலின் தனித்து ஓடும் ஒரு பிரதி) கொடுக்கின்றன. விளிம்பில் இருக்கும் புள்ளிகளுக்குப் பக்கத்துத் துண்டின் மதிப்பு வேண்டும், அதனால் சுற்றிலும் ஹேலோ என்ற ஓரப்பட்டையை ஒவ்வொரு படியிலும் பரிமாறிக்கொள்ள வேண்டும். 300க்கு 300 புள்ளி கொண்ட பரப்பை 100 ப்ராசஸுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 900 புள்ளி. மூன்று வரிசை ஓரப்பட்டை என்றால் அதில் 396 புள்ளி. அதையே 900 ப்ராசஸுக்குப் பிரித்தால் சொந்தப் புள்ளி 100, வாங்க வேண்டிய ஓரப்புள்ளி 156. சொந்த வேலையைவிட அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கும் வேலை அதிகமாகிவிட்டது. துண்டின் ஒரு பக்கத்தில் பத்துப் புள்ளிக்குக் கீழே இறங்கக்கூடாது என்று இத்துறையில் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்த மாதிரியில் காலப்படியை (ஒரு படியில் மாதிரி எவ்வளவு காலம் முன்னேறுகிறது என்பதை) நொடியில் குறிக்கும்போது, கிலோமீட்டரில் உள்ள கட்ட அளவைப்போல் (பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) ஆறு மடங்கு வைப்பது வழக்கம். 9 கிலோமீட்டர் கட்டத்துக்கு 54 நொடி, 3 கிலோமீட்டருக்கு 18 நொடி. ஆகவே 9இலிருந்து 3க்குப் போனால் புள்ளிகள் 9 மடங்கு, படிகள் 3 மடங்கு, மொத்தச் செலவு 27 மடங்கு. மானியத்துக்கான கணிப்பு நேரத்தைக் கேட்டு எழுதும்போது இந்த 27ஐ 9 என்று போட்டுவிட்டால் திட்டம் பாதியில் நின்றுவிடும்.

செங்குத்தான மலைப்பகுதியில் மேலெழும் காற்று வேகமாகும்போது 18 நொடியும் அதிகமாகலாம். அப்போது பதிவுக்கோப்பில், காலப்படி அளவு மீறியதைச் சொல்லும் சிஎஃப்எல் என்ற சொல் வரிசையாக வரும், சிறிது நேரத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற நினைவகப் பிழையோடு ஜாப் (வரிசையில் கொடுத்த வேலை) விழுந்துவிடும். புதியவர்கள் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு நினைவகத்தை இரட்டிப்பாக்கிக் கேட்பார்கள், அது மறுபடியும் அதே இடத்தில் விழும். காலப்படியைக் கட்ட அளவின் நான்கு மடங்காகக் குறைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். சிஎஃப்எல் என்ற சொல்லே இல்லாமல் ஆரம்பத்திலேயே விழுந்தால் ஸ்டாக் (நிரல் தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவகப் பகுதி) அளவின் வரம்பைப் பாருங்கள். யூலிமிட் கட்டளையால் அதை வரம்பில்லாமல் ஆக்கிவிட்டு ஓட்டுவது இங்கே சாதாரண நடைமுறை. வெளியீடு எழுதும் நேரமும் கவனிக்க வேண்டியது. எல்லாப் புள்ளிகளையும் ஒரே ப்ராசஸ் திரட்டி எழுதினால் மற்ற நூற்றுக்கணக்கானவை வாய்பார்த்து நிற்கும். எழுதுவதற்கென்றே சில ப்ராசஸ்களை ஒதுக்கும் வசதி அந்த மாதிரியிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மூலக்கூறு இயக்கவியலில் தடை காலம். வழக்கமான காலப்படி 2 ஃபெம்டோநொடி. ஒரு மைக்ரோநொடிக்கு 50 கோடிப் படிகள் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு மில்லிநொடி என்றாலும் ஏறக்குறைய ஆறு நாட்கள். முந்தைய படி முடியாமல் அடுத்தது தொடங்காது, ஆகவே காலத்தைத் துண்டாக்கிப் பலரிடம் கொடுக்க வழியில்லை. அணுக்களைத்தான் பிரிக்க முடியும், அதுவும் ஒரு கோருக்குச் சில நூறு அணுக்கள் என்ற அளவுக்கு வந்தவுடன் செய்திப் பரிமாற்றம் மேலோங்கிவிடுகிறது. தொலைதூர மின்விசையைக் கணிக்கும் ஃபூரியே மாற்றம் ஒவ்வொரு படியிலும் எல்லாரும் எல்லாரிடமும் பேச வேண்டிய வேலை. இதனால் ஒரு லட்சம் அணு கொண்ட ஒரு புரதத்துக்கு நான்கு நோடு கேட்பதைவிட, ஜிபியூ (ஒரே மாதிரிக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் போடும் அட்டை) உள்ள ஒரு நோடில் வைத்து, மீதி மூன்று நோடில் வேறுவேறு தொடக்க வேகங்களோடு அதே புரதத்தை ஓட்டுவது எல்லா வகையிலும் மேல். ஒரே நீண்ட பாதையைவிடத் தனித்தனியான நான்கு பாதைகளில்தான் பிழை வரம்பையும் நேர்மையாகச் சொல்ல முடியும். இத்துறையின் குரோமேக்ஸ் என்ற மென்பொருள் சும்மாவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் (விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் பதிவு) எழுதும். அதிகபட்ச மணிநேரத்தைச் சொல்லும் தெரிவை வரிசையில் கேட்ட நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தால், தானே ஒழுங்காக எழுதி நின்றுவிடும். அடுத்த ஜாப் அங்கிருந்து தொடரலாம்.

மரபணுவியலுக்கு வந்தால் கோர் பின்னுக்குப் போய்விடுகிறது, நினைவகமும் கோப்புகளும் முன்னுக்கு வருகின்றன. மனித மரபணுத்தொகுதி சுமார் 310 கோடி எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 முறை படித்தால், ஆய்வுக்கு எடுத்த ஒரு மாதிரிக்கு (சாம்பிள்) 9,000 கோடி எழுத்துகளுக்கு மேல். அவற்றைச் சிறு துண்டுகளாக மரபணுவோடு பொருத்தும் வேலை எளிதில் பிரியும், ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் ஆர்என்ஏ பொருத்தும் ஸ்டார் என்ற மென்பொருள் மனிதக் குறியீட்டு அட்டவணைக்கு மட்டும் 30 ஜிபி அளவில் நினைவகம் கேட்கும். ஒரே நோடில் எட்டு மாதிரிகளைத் தனித்தனி ஜாபாகப் போட்டால் அதே அட்டவணை எட்டு முறை ஏறி 240 ஜிபி போய்விடும். மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் அதிக த்ரெட் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழை) கொடுத்து ஓட்டினால் 30 ஜிபியோடு முடியும்.

பொருத்திய துண்டுகளைச் சாம்டூல்ஸ் என்ற மென்பொருள் வைத்து வரிசைப்படுத்துகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதில் நினைவகத்துக்குக் கொடுக்கும் எண் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் உரியது. 16 த்ரெட், 4 ஜிபி என்று எழுதினால் 64 ஜிபி, அதற்கு மேலும் கொஞ்சம். வரிசையில் சரியாக 64 ஜிபி கேட்டிருந்தால் ஜாப் 137 என்ற குறியோடு இறக்கும். 128ஓடு 9 சேர்ந்தது அந்த எண். 9 என்பது இயங்குதளத்தின் மையமான கர்னல் அனுப்பும் கொல் சமிக்ஞை. நினைவகம் போதாமல் கொல்லப்பட்டது என்று பெரும்பாலும் பொருள். ஜாப்களை வரிசைப்படுத்தி நோடு ஒதுக்கும் ஸ்லர்ம் என்ற மென்பொருளிலும் இதே மாதிரி இரண்டு தெரிவுகள் குழப்பும்: ஒன்று நோடுக்கு எவ்வளவு என்று கேட்கும், மற்றது கோருக்கு எவ்வளவு என்று கேட்கும். நோடுக்கு 4 ஜிபி என நினைத்துக் கோருக்கு 4 ஜிபி என எழுதினால் 32 கோரில் 128 ஜிபி உங்கள் பெயரில் பூட்டிக் கிடக்கும், அடுத்தவருக்கும் கிடைக்காது. முடிந்த ஜாபின் எண்ணைக் கொடுத்து செஃப் கட்டளையை ஓட்டினால் கேட்டது எவ்வளவு, உண்மையில் தொட்டது எவ்வளவு என்று சொல்லிவிடும். அந்த உச்ச அளவோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கேட்பது போதும்.

கோப்புகளின் கதை இதைவிட மோசம். லஸ்டர் போன்ற இணைக் கோப்பமைப்புகள் பெரிய கோப்புகளுக்காகச் செய்யப்பட்டவை. கோப்பின் பெயர், அளவு, உரிமை ஆகியவற்றைக் கவனிக்கும் மெட்டாடேட்டா சர்வர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். ஒருவர் ஒரே அடைவில் பத்து லட்சம் சிறு கோப்புகளை உருவாக்கினால் அவருடைய ஜாப் மட்டுமல்ல, ஒட்டுமொத்தக் கணினியே தள்ளாடும். கோப்பு எண்ணிக்கைக்கும் தனி வரம்பு இருப்பதால், இடம் தாராளமாக இருந்தும் எழுத முடியவில்லை என்ற பிழை வரும். இதற்கு வழி எளிது. சிறு கோப்புகளை டார் என்ற கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஜாபின் முதல் வேலையாக அதை நோடின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுத்துப் பிரியுங்கள், அங்கேயே எல்லாம் செய்யுங்கள், முடிவை மறுபடி ஒரே கட்டாகத் திருப்பி எழுதுங்கள். பைத்தானையும் அதன் நூலகங்களையும் நிறுவி வைக்கும் காண்டா சூழல்களுக்கும் இதே வியாதிதான். ஒரு சூழலில் பல்லாயிரம் சிறு கோப்புகள் இருக்கும், 500 ப்ராசஸ் ஒரே நொடியில் பைத்தானைத் தொடங்கினால் அத்தனையும் மெட்டாடேட்டா சர்வரின் தலையில் விழும். அப்டெய்னர் என்ற கருவி மூலம் முழுச் சூழலையும் ஒரே கோப்பாக்கி வைத்தால் இந்தச் சுமை நீங்கும்.

பொருள்களின் எலக்ட்ரான் அமைப்பைக் கணிக்கும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டுக்காரர்களுக்குச் செலவு அணு எண்ணிக்கையின் மும்மடியாக ஏறும். 100 அணுவிலிருந்து 200க்குப் போனால் எட்டு மடங்கு. இங்கே கே-புள்ளிகளாக (படிகத்தின் எலக்ட்ரான் அலைகளைத் தனித்தனியே கணிக்கும் புள்ளிகள்) பிரிப்பது மிக மலிவான இணையாக்கம், ஏனென்றால் அவை தமக்குள் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவும் தரவின் நகலை வைத்துக்கொள்வதால் நினைவகம் ஏறும். இந்த நிரல்கள் எல்லாவற்றையும் பாதிக்கும் ஒரு கோளாறு த்ரெட் பெருக்கம். ப்ராசஸ்கள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் எம்பிஐ வழியாக 32 ப்ராசஸைத் தொடங்குகிறோம். அடியிலுள்ள கணித நூலகம் ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளும் 32 த்ரெட்டைத் தானே திறக்கிறது. 32 கோரில் 1,024 த்ரெட் முண்டியடிக்கின்றன. கணினி முழுமூச்சாக வேலை செய்வதுபோல் தெரியும், வேலை நகராது. த்ரெட்டுகளைத் திறக்கும் ஓபன்எம்பி முறையின் த்ரெட் எண்ணிக்கைக்கான சூழல் மாறியை ஸ்கிரிப்டில் 1 என்று வைத்தவுடன் பல மடங்கு வேகம் வருவதுண்டு.

மொழியியல், வரலாறு, பொருளியல் துறையினர் தங்களுக்கு இந்தக் கணினி தேவையில்லை என்று ஒதுங்குவது வருத்தமான விஷயம். அவர்களுடைய கணக்குகள்தான் இதில் மிகச் சுலபமாக ஓடக்கூடியவை. 40,000 பக்கங்களுக்கு ஓசிஆர் செய்ய வேண்டும், பக்கத்துக்கு 6 நொடி என்றால் ஒரு கோரில் கிட்டத்தட்ட 67 மணிநேரம். பக்கத்துக்கு ஒன்றாக 40,000 ஜாப் போடாதீர்கள், ஆறு நொடி வேலையைவிட அதை வரிசைப்படுத்தும் வேலை பெரிது. 400 பக்கம் கொண்ட 100 பங்குகளாக்கி ஒரே அரே ஜாபாக (ஒரே ஸ்கிரிப்டை வேறுவேறு எண்களோடு பலமுறை ஓட்டும் ஜாப்) கொடுத்தால் இடம் கிடைத்தபின் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு பங்கும் தன் வரிசை எண்ணைப் பார்த்துத் தனக்குரிய பட்டியலை எடுத்துக்கொள்ளும். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஒரு பக்கத்துக்கே நான்கு த்ரெட் வரை திறக்கும். ஒரு கோர் கொடுத்த பங்குக்குள் நான்கு த்ரெட் மோதினால் தனியாக ஓடுவதைவிட மெதுவாகிவிடும். ஓபன்எம்பியின் த்ரெட் வரம்பை 1 ஆக்குங்கள்.

ஆர் மொழியில் உருவகப்படுத்தும் பொருளியலாளர்களுக்கு இரண்டு பொறிகள். கோர் எண்ணிக்கையைக் கேட்டுச் சொல்லும் டிடெக்ட்கோர்ஸ் நோடில் உள்ள மொத்தத்தைச் சொல்லும். உங்களுக்கு ஒதுக்கியது 4 ஆக இருந்தாலும் 128 என்று வரும், அத்தனை துணை ப்ராசஸும் திறக்கும். ஸ்லர்ம் கொடுக்கும் சூழல் மாறியிலிருந்து எண்ணை எடுங்கள். இரண்டாவது, சமவாய்ப்பு எண்களை உருவாக்கத் தொடங்கிவைக்கும் எண்ணான விதை. ஸ்கிரிப்டில் நிலையான ஒரு விதையை எழுதிவிட்டு 1,000 பங்குகளை ஓட்டினால் ஆயிரமும் ஒரே விடையைத் தரும். பிழை எதுவும் வராது, சராசரி அழகாக வரும், பிழை வரம்பு பூச்சியமாக இருப்பதைக் கண்டால்தான் விஷயம் வெளிப்படும். பங்கின் எண்ணைச் சேர்த்து விதையை அமைக்கலாம். ஒன்றோடொன்று மேற்பொருந்தாத ஓடைகளைத் தரும் லெக்வீயே முறை ஆரிலேயே இருக்கிறது, அதை எடுப்பது இன்னும் பாதுகாப்பு.

ஆழ்கற்றலில் ஜிபியூ கேட்டுக் காத்திருப்பவர்கள், கிடைத்தபின் அதைப் பட்டினி போடுவது அடிக்கடி நடக்கிறது. பயன்பாடு 20 விழுக்காட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஜிபியூ படங்களுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். லட்சக்கணக்கான தனிப் படக்கோப்புகளைச் சில பெரிய கட்டுகளாக்குவதும், படம் படிக்கும் துணை ப்ராசஸ்களுக்குப் போதுமான கோர் கேட்பதும் இரண்டாவது ஜிபியூவைவிட அதிகம் உதவும். பயிற்றுவிக்கும் ஆழ்கற்றல் மாதிரி ஜிபியூவில் அடங்குமா என்பதற்கு ஒரு விரைவுக் கணக்கு: கலப்புத் துல்லியத்தில் (சில எண்களைக் குறைந்த இலக்கங்களோடு வைத்து) ஆடம் என்ற வழக்கமான முறையோடு பயிற்றுவிக்க, மாதிரி கற்கும் எண்ணான அளவுரு ஒன்றுக்கு ஏறத்தாழ 16 பைட். 700 கோடி அளவுரு என்றால் 112 ஜிபி. 80 ஜிபி அட்டையில் அது அடங்காது.

வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் ஓரளவு நம்மால் குறைக்க முடியும். பெரிய ஜாப் ஒன்றுக்காக நோடுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் விழும் இடைவெளிகளில் சிறிய ஜாப்களை ஸ்லர்ம் நுழைக்கும். கேட்ட நேரத்துக்குள் அவை முடியும் என்றால்தான் நுழைக்கும். ஐந்து மணிநேர வேலைக்குப் பழக்கத்தில் 72 மணிநேரம் எழுதுகிறவர் இந்த இடைவெளிகளை எல்லாம் தவறவிடுகிறார். ஏழு மணி என்று எழுதினாலே போதும்.

நீண்ட கணக்குகளுக்குச் செக்பாயின்ட் எவ்வளவு அடிக்கடி எழுதுவது என்பதற்கு ஜான் யங் 1974இல் ஒரு சூத்திரம் தந்தார். ஒரு செக்பாயின்ட் எழுத ஆகும் நேரத்தையும், இரண்டு பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எழுத 5 நிமிடம், சராசரியாக நாளுக்கு ஒரு பழுது என்றால் 5 பெருக்கல் 1,440 பெருக்கல் 2, அதாவது 14,400. வர்க்கமூலம் 120. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுகிறவர் கணிப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை டிஸ்க்குக்கே கொடுக்கிறார். புதிய செக்பாயின்டைப் பழையதன் மேலேயே எழுதவிடாதீர்கள். எழுதும்போதே நோடு விழுந்தால் இரண்டும் போய்விடும். வேறு பெயரில் எழுதி முடித்தபின் பெயரை மாற்றுங்கள். முடிவுகளை ஸ்கிராட்ச் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்திலேயே விட்டுவைப்பதும் ஆபத்து. பல மையங்களில் அதற்குக் காப்புநகல் கிடையாது, குறிப்பிட்ட நாட்கள் தொடாத கோப்புகள் தானாக அழியும்.

எல்லாத் துறையினரையும் ஒரு கட்டத்தில் கலங்கவைப்பது, அதே நிரல் அதே உள்ளீட்டுக்கு 64 கோரில் ஒரு விடையும் 128 கோரில் சற்று வேறு விடையும் தருவது. மிதவைப் புள்ளிக் கூட்டலில் எதை முதலில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கங்கள் மாறும். ப்ராசஸ் எண்ணிக்கை மாறினால் கூட்டும் வரிசை மாறுகிறது. வானிலையிலும் மூலக்கூறு இயக்கத்திலும் பதினைந்தாவது இலக்கத்தில் தொடங்கிய வேறுபாடு சில ஆயிரம் படிகளில் முழுப் பாதையையும் மாற்றிவிடும். ஆகவே பாதையோடு பாதையை ஒப்பிட வேண்டாம். சராசரி ஆற்றல், மழையின் பரவல், பிணைப்பு நீளம் போன்ற அளவுகளைப் பல ஓட்டங்களில் எடுத்து அவற்றின் பிழை வரம்புக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அது கூட்டல் வரிசையின் வேலையல்ல, நிரலில் உண்மையான பிழை இருக்கிறது. அதைத் தேடக் கம்பைலரின் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பதிப்பு, நூலகங்களின் பதிப்பு, ப்ராசஸ் மற்றும் த்ரெட் எண்ணிக்கை, விதை ஆகிய நான்கும் வேண்டும். ஜாப் ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே இவற்றை வெளியீட்டுக் கோப்பில் அச்சிடவைத்தால் ஆறு மாதம் கழித்தும் அவை கையில் இருக்கும்.